பார் உடைத்த ஊருக்கு நேர்ந்ததைப் பவளமுனைக்கு உரைக்கும் ஓலை

மண் தன் எல்லையில் நிற்பதாக. கடல் தன் எல்லையில் நிற்பதாக. இரண்டுக்கும் நடுவே வாழும் உயிர்கள் நடுக்கமின்றித் துயில்வதாக.

தென்னாழி நாட்டுக்கு உரியவரும், அந்நாட்டுத் துறைகள் அனைத்துக்கும் காவலருமாகிய கோ நெடுவேள் தேவர், மாடவல்லத்து அரண்மனையில் வீற்றிருந்து திருவாய்மொழிந்தருளியபடி ஓலைநாயகம் எழினி நம்பி எழுதுவித்த இவ்வோலை, தேவரின் மேலாட்சிக்கு உட்பட்டுப் பவளமுனை நாட்டை வழிவழியாக ஆண்டுவருபவரும் அடைந்தாரைக் கைவிடாதவருமாகிய கண்டன் மாராயர் திருமுன் சேர்வதாக. மாராயர்க்கும் அவர்தம் தேவியார்க்கும், அந்நாட்டுக் கோயில்களுக்கும் பள்ளிகளுக்கும், உழுவார்க்கும் வலைவீசுவார்க்கும் நலம் உண்டாவதாக.

மாராயர் ஆவணித் திங்களில் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. தம் குலதெய்வத்துக்கு ஒன்பது நிலைக் கோபுரம் எடுக்கத் தொடங்கியிருப்பதாகவும், அதற்கு வேண்டிய வெண்சுதைக்காகக் கரைக்கு எதிரே கடலுள் கிடக்கும் பவளப்பாறையை வெட்டிச் சுட்டுச் சுண்ணாம்பாக்குவதாகவும், நான்கு காளவாய்கள் எரிவதாகவும், இன்னும் ஆறு மூட்டத் தேவரின் இசைவு வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. அவ்வோலை அவையில் வாசிக்கப்பட்டது. வாசித்து முடிந்தபின் தேவர் இசைவு தரவில்லை.

காரணம் மாராயர்க்குத் தெரிந்திருக்க வழியில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் வலம்புரித்துறைக்கு நேர்ந்ததைப் புயல் என்ற ஒரே சொல்லில் பிற நாடுகளுக்கு அறிவித்து முடித்துக்கொண்டோம். முழுதும் சொல்ல நாணமாக இருந்தது. இப்போது தேவர் பணித்தருளியது இது: நாணத்தை விட்டு, நடந்ததை நடந்தபடி, அதன் நடுவே நின்ற ஒருவர் சொன்னவாறே எழுதுக, பேசினவர் பேச்சை அழகுபடுத்தாமல் எழுதுக.

அந்த ஒருவர், வலம்புரித்துறையில் கடல்காத்த நாச்சியார் திருக்கோயிலின் ஸ்ரீகாரியமாக இருபத்தேழு ஆண்டு இருந்த நாகன் பூவணர். கோயிற் காரியம் எல்லாவற்றையும் ஆராய்ந்து நடத்துவது அவர் பொறுப்பு. மாலை தொடுக்கும் நாரைக்கூடத் தம் கையால் இழுத்துப் பார்த்த பிறகே உள்ளே அனுப்புவார். பொய் சொல்லாதவர், கை நீளாதவர், ஊராரின் நம்பிக்கைக்கு உரியவர். இனி வரும் கேடு அனைத்தும் அந்த நம்பிக்கையின் வழியாகவே வந்தது என்பதை மாராயர் முதலிலேயே மனத்தில் கொள்வாராக.

துறைக்கு எதிரே ஒரு நாழிகை படகுவழியில் கடலுள் நீளக் கிடந்தது பார். பார் என்பது பரதவர் வழக்கு. கடலடியிலிருந்து எழுந்து நீர்மட்டம் வரையில் வந்து நிற்கும் பவளப்பாறைத் திட்டு அது. பெருங்கடலின் அலை அதன்மேல் மோதி உடைந்து நுரையாகி, கரைக்கு வரும்போது பசுங்கன்று நக்குவதுபோல் வந்து போகும். அந்தக் கரையில் பிறந்தவர்கள் அலைக்கு அஞ்சி அறியார்.

தேவரின் இளவல் கொடுநோயிலிருந்து பிழைத்தபோது, நாச்சியார்க்கு ஏழுநிலைக் கோபுரம் எடுப்பதாக அரண்மனை நேர்ந்துகொண்டது. எனவே இப்பழியில் அரண்மனைக்கும் பங்கு உண்டு. கோபுரத்துச் சுதைக்குச் சிப்பிச் சுண்ணாம்பு போதும் என்றுதான் தச்சர்கள் சொன்னார்கள். ஆயின் பவளப்பாறை சுட்ட சுண்ணாம்பைப் பூவணர் உள்ளங்கையில் குழைத்துப் பார்த்தார். அது பாலைப்போல் வெளுத்திருந்தது. அம்மனுக்கு இதைவிடக் குறைந்த ஒன்றைத் தர அவர் மனம் ஒப்பவில்லை.

பாரை வெட்டப் பரதவர் முதலில் தயங்கினார்கள். அப்போது பூவணர் கோயில் முன்றிலில் அவர்களைக் கூட்டி, “இது அம்மன் கடலுக்குள்ளே தனக்கென்று வளர்த்து வைத்த கல். அவள் கல் அவள் வீட்டுக்கே வருகிறது” என்று சொன்னார். மனமறிந்து புனைந்து சொன்னது அன்று. அவர் அதை நம்பியே சொன்னார். அரசாணை என்றிருந்தால் பரதவர் முணுமுணுத்திருப்பர். அம்மன் பெயரைக் கேட்டதும் கடப்பாரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அறுபது பேர் புறப்பட்டார்கள். கரையில் ஏழு காளவாய்கள் எரிந்தன. நான்கு ஆண்டுகள் அந்த நெருப்பு அணையவில்லை.

முதல் ஆண்டின் முடிவில், மீனை வெயிலில் உணக்கும் கொற்றி என்பவள் கோயிலுக்கு வந்தாள். கடலை ஒட்டிய முதல் தெருவில் அவள் வீடு. அவள் கணவன் சாத்தன் பார் வெட்டும் அறுபதின்மரில் ஒருவன். அவள் கொடிமரத்துக்கு அப்பால் நின்றபடியே சொன்னாள்.

“ஐயா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எம் புருசன் சொல்ல மாட்டாரு, பயப்படுறாரு. பாரு தெக்கால பக்கம் வாசல் மாதிரி தெறந்து கெடக்கு. அலை அது வழியா நேரா உள்ள வருது. இன்னும் ஒடைச்சா எங்க தெரு நிக்காதுய்யா.”

பூவணர் சினக்கவில்லை. “அம்மன் பார்த்துக்கொள்வாள் அம்மா” என்று சொல்லி, சந்நிதியிலிருந்து ஒரு செவ்வரளிப் பூவை எடுத்து அவள் கையில் போட்டு அனுப்பினார். அவள் அதைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். தாம் செய்தவற்றுள் எல்லாம் அந்தப் பூவைக் கொடுத்ததே தமக்குப் பெரிதும் கூசுகிறது என்று அவர் அவையில் சொன்னார்.

இரண்டாம் ஆண்டில் மீன் குறைந்தது. பாரின் இடுக்குகளில் முட்டையிட வரும் மீன்கள் இடம் காணாமல் போயின என்று பரதவர் பேசிக்கொண்டனர். மூன்றாம் ஆண்டில் முதல் தெருக் கிணறுகள் உப்புக் கரித்தன. கரையோரத் தென்னைகள் வேர் தெரிய நின்று, பின் ஒவ்வொன்றாகக் கடல் பக்கம் சாய்ந்தன. கோயிலின் கிழக்குப் படித்துறையில் பதினெட்டுப் படிகள் உண்டு. முன்னெல்லாம் நிறைமதி நாள் அலைகூடக் கீழிருந்து ஐந்தாம் படியைத் தாண்டியதில்லை. பூவணர் விடியற்காலைகளில் தனியே போய்ப் பார்க்கத் தொடங்கினார். ஏழாம் படி நனைந்திருந்தது. தை மாதத்தில் ஒன்பதாம் படி. வைகாசியில் பதினொன்று.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை, ஊரே பார்த்தது. ஆனால் ஊர் அதை வேறுவிதமாகப் பார்த்தது. கடலரசன் நாச்சியாரின் பாதம் தொட வருகிறான் என்று ஒருவர் சொல்ல, மறுநாள் ஊர் முழுவதும் அதையே சொன்னது. பெண்கள் பதினோராம் படியில் விளக்கேற்றி வைத்தார்கள். மேளம் வந்தது. குழந்தைகளை அந்த நீரில் நனைத்து எடுத்தார்கள். அலை வந்து விளக்குகளை அவித்தபோது கூட்டம் மகிழ்ந்து கூவியது. பூவணர் அந்தக் கூட்டத்தின் நடுவில் கைகூப்பி நின்றார். இது அருள் இல்லை என்று அங்கே அவருக்கு மட்டும் தெரியும். தெரிந்தும் வாய் வரவில்லை. சொன்னால், இத்தனை ஆண்டாக அம்மன் பெயரால் தாம் சொன்னதெல்லாம் என்ன என்று கேட்பார்கள் அல்லவா?

நான்காம் ஆண்டு புரட்டாசியில் அவர் அச்சம் தாளாமல் முதல் தெருவுக்குப் போய், பாரைக் காட்டும்படி சாத்தனைக் கேட்டார். கொற்றியும் படகில் ஏறிக்கொண்டாள். நல்ல வெயில், காற்றும் இல்லை. பார் இருந்த இடத்தை அடைந்ததும் சாத்தன் துடுப்பை நிறுத்தினான். இருபுறமும் தொலைவில் வெண்ணுரை தெரிந்தது. நடுவே, ஒரு பெருவீதி அகலத்துக்கு, கரும்பச்சை நீர் ஓசையே இல்லாமல் கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதன் அடியில் கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒன்றுமே தெரியவில்லை.

“இந்த எடத்துல முந்தி அலை ஒடையும்யா. பேசுனா காது கேக்காது” என்றாள் கொற்றி. “இப்ப சும்மா போவுது, பாத்தீங்களா? இங்க ஒடையாதது எங்க போயி ஒடையும்?”

பூவணர் திரும்பிக் கரையைப் பார்த்தார். அந்தக் கரும்பச்சை வழியின் நேர் எதிரே முதல் தெருவின் கூரைகள், அவற்றுக்குப் பின்னே ஐந்து நிலை எழும்பிய கோபுரம்.

அன்றே காளவாய்களை அவித்திருக்க வேண்டும். அவர் அவிக்கவில்லை. கார்த்திகையில் குடமுழுக்குக்கு நாள் குறித்தாகிவிட்டது. தேவரே எழுந்தருளப் போகிறார். எஞ்சிய இரண்டு நிலைக்கு இன்னும் நாற்பது படகுக் கல் வேண்டும். ஒரே ஒரு மாதம், அதோடு முடிந்தது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். சாத்தனிடமும் அதையே சொன்னார். சாத்தன் தலையை ஆட்டினான். கொற்றி அவர் முகத்தைப் பார்க்காமல் கரை இறங்கிப் போனாள்.

மாராயர் இந்த இடத்தில் ஓலையைச் சற்றுக் கீழே வைத்து, தம் கோபுரத்துக்கு இன்னும் எத்தனை படகுக் கல் வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பாராக. பிறகு மேலே வாசிப்பாராக.

ஐப்பசி பத்தொன்பதாம் நாள், உச்சிப் பூசைக்கு மணி அடிக்கும்போது, வானம் பழுத்த மாவிலையின் நிறத்துக்கு மாறியது. காற்று முதலில் நின்றது. பின் கிழக்கிலிருந்து எழுந்து கோயிற் கொடியைக் கிழித்தது. பூவணர் வெளியே வந்து பார்த்தபோது, பெருங்கடல் பாரின் திறந்த வாசல் வழியே உள்ளே வந்துகொண்டிருந்தது. நுரை இல்லை, மடிப்பு இல்லை. கடல் எழுந்து நடந்து வருவதுபோல் இருந்தது என்றார். முதல் தெருக் கூரைகள் இருந்த இடத்தில் இருந்தன. ஒரு முறை மூச்சு வாங்கி விடுவதற்குள் அங்கே நீர் இருந்தது.

மக்கள் கோயிலை நோக்கி ஓடி வந்தார்கள். நாச்சியார் சந்நிதிக்குள் நீர் புகுந்துவிடும், பெருங்கதவைச் சாத்துங்கள் என்று அர்ச்சகர்கள் கதறினர். பூவணர் கதவைத் தள்ளிச் சாத்தித் தாழை இட்டார். அவர் கையால்தான் இட்டார். வெளியே கதவின்மேல் கைகள் விழும் ஓசை கேட்டது. குழந்தைகளின் குரல் கேட்டது. பத்து மூச்சு நேரம் அவர் அந்தத் தாழைப் பற்றிக்கொண்டு நின்றார்.

“ஐயா! நாந்தான்யா கொற்றி! தொறங்கய்யா, புள்ளைங்க நிக்குதுங்க!”

அந்தக் குரலில் அவர் தாழை விலக்கினார். மக்களும் கடலும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். பின்வாங்கிய நீர் அவரைச் சுருட்டி வெளிமுன்றிலுக்குக் கொண்டுபோய்க் கல்விளக்குத் தூணில் மோதியது. மூழ்கி எழுந்தபோது ஒரு கை அவர் குடுமியைப் பற்றியிருந்தது.

“தூணப் புடிங்க! கையக் குடுங்கய்யா! விடாதீங்க!” என்று கொற்றி கத்தினாள். தன் முந்தானையால் அவரைத் தூணோடு சேர்த்துக் கட்டினாள். அப்படிக் கட்டும்போது, “அவரு இன்னிக்குப் பாருக்குப் போயிருக்காருய்யா. திரும்பிருப்பாரா?” என்று கேட்டாள். சாத்தன் போனது நாற்பது படகுக் கல்லில் முப்பத்தொன்றாம் படகுக்காக. அன்று பாருக்குப் போன இருபத்துமூவரில் ஒருவரும் திரும்பவில்லை. அனுப்பியவர் பூவணர். அவரைத்தான் அவள் தூணோடு கட்டிக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு மேற்கே குன்றின்மேல் சமணப் பள்ளி ஒன்று உண்டு. அதன் தலைவி சாந்திக் குரத்தியார் என்னும் பெண்துறவி. மழைக்காலம் நான்கு மாதமும் பள்ளியை விட்டு அடி வைப்பதில்லை என்பது அவர்கள் நோன்பு. ஈர மண்ணில் ஊரும் சிற்றுயிர் மிதிபடும் என்பதனால். அன்று அந்த நோன்பை முறித்து, முதிய குரத்தியார் தம் மாணாக்கியரோடு கழுத்தளவு நீரில் இறங்கினார். மணல்மேட்டில் தொழுகைப் பள்ளி அமைத்து வாழும் சோனகரின் தலைவரும் கப்பல் முதலாளியுமாகிய தாவூது நகுதா, தம் கப்பல்களின் கயிறுகளை அறுத்துக் கொண்டுவந்து மேட்டுக்கும் கோயிலுக்கும் இடையே கட்டச் செய்தார். அந்தக் கயிற்றைப் பற்றியே முந்நூறு பேர் கரையேறினார்கள். நூற்று நாற்பத்தெட்டுப் பேர் ஏறவில்லை.

நான்காம் நாள் எஞ்சிய ஊர் கூடியது. கோயில் முழுவதும் மணல் மூடிக் கிடந்ததனால், சோனகரின் தொழுகைப் பள்ளி முன்றிலில் கூடினார்கள். பூவணர் எழுந்து நின்றார். பார் தம் சொல்லால் உடைந்தது என்றும், புரட்டாசியிலேயே உண்மையைக் கண்டும் மறைத்ததாகவும், கதவுக்குத் தாழ் இட்டதும் தம் கைதான் என்றும் சொன்னார். தம்மைக் கட்டி அரசர்முன் கொண்டுபோகும்படி வேண்டினார். சிலர் கல் எடுத்தார்கள். அவர்கள் கையை யாரும் தடுக்கவில்லை. கொற்றி எழுந்து பேசத் தொடங்கியதும் அவர்களாகவே தாழ்த்தினார்கள்.

“இவரக் கொன்னு போட்டா பாரு வளந்துருமா?” என்றாள். அவள் கண்ணில் நீர் இல்லை. “எம் புருசன் ராசா சொல்லியிருந்தா போயிருக்க மாட்டாரு. அம்மன் பேரச் சொன்னீங்க, போனாரு. அம்மன் பேரால ஒடைச்சத அம்மன் பேராலதான் நிறுத்த முடியும். வேற யாரு சொன்னாலும் நாளைக்கு ஒருத்தன் கடப்பாரையோட போவான். நீங்களே சொல்லுங்கய்யா. அதுக்குத்தான் ஒங்களத் தூணுல கட்டுனேன்னு வச்சுக்குங்க.”

பிறகு சாந்திக் குரத்தியார் பேசினார். அந்தக் கல் உயிருள்ளது, சின்னஞ்சிறு உயிர்கள் கட்டிய வீடு என்று தம் பள்ளியார்க்கு எப்போதும் தெரியும் என்றார். “எறும்பு மிதிபடாமல் இருக்க மயிற்பீலியால் வழியைப் பெருக்கி நடப்பவள் நான். நான்கு ஆண்டு இந்தக் கொலையைக் குன்றின்மேலிருந்து பார்த்தேன். பிறர் கோயில் காரியம், நாம் பேசினால் பகை வரும் என்று அஞ்சி இருந்துவிட்டேன். என் நோன்பு அன்று நீரில் முறியவில்லை. அந்த நான்கு ஆண்டும் முறிந்தேதான் கிடந்தது.”

தாவூது நகுதா தலையில் கை வைத்தபடி அமர்ந்திருந்தவர், அப்படியே பேசினார். “சுட்ட சுண்ணாம்புல பாதி எங் கப்பல்லதான் அக்கரைக்குப் போச்சு. கோவிலுக்கு மட்டும்னு நெனச்சீங்களா? நானுந்தான் ஏத்துனேன். பள்ளிவாசல்ல தொழுகைக்கு முன்ன ஒளூச் செய்ற தொட்டித் தண்ணி இன்னைக்கு உப்பு. ஆண்டவன் குடுத்த தண்ணியில மொகங் கழுவ முடியல. நாளைக்கு அவன் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?”

அர்ச்சகருள் ஒருவர் மட்டும் எழுந்து, நாச்சியாரின் கோபுரத்தைப் பிற சமயத்தார் முன்றிலில் வைத்து முடிவு செய்வதா என்று கேட்டார். பூவணர் அவரை நோக்கி, அலை வந்தபோது அது சமயம் கேட்கவில்லை என்று மட்டும் சொன்னார். அர்ச்சகரின் தம்பி மகளும் அன்று போனவர்களுள் ஒருத்தி. அவர் மெல்ல உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அன்று மாலைக்குள் அவர்கள் முடிவு செய்ததைத் தேவர் பின்னர் அப்படியே ஆணையாக்கினார். நிலத்தைக் கோயிலுக்குத் தேவதானமாக விடுவதுபோல், நான்கு எல்லை குறித்து அந்தக் கடலையே நாச்சியார்க்குத் தேவதானமாக விட்டார்கள். எல்லைக்குள் கல் எடுப்பது சந்நிதியில் கல் பெயர்ப்பதற்கு ஒப்பு. கோபுரம் ஐந்தாம் நிலையோடு நின்றது. இன்றும் அப்படியே நிற்கிறது. சோனகர் கப்பல் எதுவும் பாரின்மேல் நங்கூரம் இறக்காது, பவளக்கல்லை ஏற்றாது என்று வெள்ளிக்கிழமைத் தொழுகையில் தாவூது நகுதா உரைத்தார். மீன் சினை கொள்ளும் இரண்டு மாதம் படகுகள் கரையில் கிடக்க வேண்டும் என்று குரத்தியார் வேண்டினார். அப்படியானால் எங்கள் வயிறு என்று பரதவர் கேட்டதற்கு, கோயில் மடைப்பள்ளியும் சமணப் பள்ளியும் சோனகர் பள்ளியும் முறைவைத்து அந்த இரண்டு மாதமும் சோறிடுவதாக ஏற்றுக்கொண்டன. பாரின் காவலும் அப்படியே. பத்து நாள் கோயிலார், பத்து நாள் சமணப் பள்ளியார், பத்து நாள் சோனகர்.

இது எளிதாக நடந்தது என்று மாராயர் எண்ண வேண்டா. மறு ஆண்டிலேயே கோபுரவேலைக்குச் சுண்ணாம்பு விற்கும் அயல்நாட்டு வணிகர் மூன்று மரக்கலத்தில் கூலியாட்களோடு வந்து, யார் தடுத்தாலும் வெட்டுவோம் என்று வாளைக் காட்டினர். அது பள்ளியாரின் காவல் நாள். ஆயுதம் தொடாத ஒன்பது பேர் ஒரே படகில் இருந்தனர். இன்றோடு முடிந்தோம் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். ஆயினும் படகை விலக்கவில்லை. கரையில் கோயில் முரசு அடித்தது. சோனகர் மேட்டிலிருந்து படகுகள் இறங்கின. பரதவரும் பூவணரும் அவற்றில் இருந்தார்கள். பூவணர் வணிகரின் மரக்கலத்தில் ஏறி, வலம்புரித்துறையில் மாண்டவர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். அறுபதாம் பெயரைச் சொல்லும்போது கூலியாட்கள் கடப்பாரைகளைக் கீழே போட்டார்கள். அவர்களும் கடற்கரையில் பிறந்தவர்களே.

இவ்வளவும் செய்தபின் ஊர் காக்கப்பட்டுவிட்டதா என்று மாராயர் கேட்கலாம். காக்கப்படவில்லை. அதைச் சொல்லவே இவ்வோலை நீண்டது. நான்கு ஆண்டில் உடைத்ததைக் கட்டித்தர நான்கு தலைமுறைக்கும் இயலாது. இந்த ஆனியில் கொற்றி பாருக்குப் போய் மூழ்கிப் பார்த்து வந்து, வெட்டுப்பட்ட அடிக்கல்லில் மஞ்சள் கிழங்கின் முளைபோல் இரண்டொரு மொட்டு கண்டதாகச் சொன்னாள். மீன்கள் சிறிது திரும்பியிருக்கின்றன. அவ்வளவே. கரும்பச்சை வாசல் இன்றும் திறந்தே கிடக்கிறது. ஐப்பசி பிறந்தால் வலம்புரித்துறையார் தம் பிள்ளைகளைக் குன்றின்மேல் சமணப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மழைமாதம் முழுவதும் கிழக்கே பார்த்தபடி இருக்கிறார்கள். கடலைப் பார்த்து ஒருவரும் இப்போது மேளம் கொட்டுவதில்லை.

ஆகலின் தேவர் ஆணை இது. இவ்வோலை கண்ட நாளிலேயே மாராயர் நான்கு காளவாய்களையும் அவிப்பிப்பாராக. பாரில் இருக்கும் ஆட்களைக் கரைக்கு அழைப்பிப்பாராக. வெட்டிய இடத்துக்கு நேர் எதிரே குடியிருப்பவர்களை, ஐப்பசி பிறப்பதற்குள், அவர்கள் வரமறுத்தாலும் மேட்டுநிலத்தில் குடியேற்றுவாராக. இவ்வோலை எழுதும் இன்றைக்கு ஐப்பசி பிறக்கப் பதினேழு நாளே உண்டு, அவற்றுள் ஆறு நாள் வழியிலேயே கழியும். தம் நாட்டுக் கோயிலாரையும் பள்ளியாரையும் தொழுகைப் பள்ளியாரையும் ஓரிடத்தில் கூட்டி, கடலை அவர்கள் கையில் ஒப்புவிப்பாராக. அரசர் சொல்லுக்கு மக்கள் அஞ்சுவார்கள்; அஞ்சியது கொஞ்ச நாளில் மறந்துபோகும். தாம் தொழும் இடத்திலிருந்து வரும் சொல்லை அவர்கள் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்பார்கள். கேடு சூழ்வதற்கும் அந்தச் சொல்லே போதுமாயிருந்தது என்பதை மேலே கண்டீர். கோபுரம் சிப்பிச் சுண்ணாம்பில் எழுக. சற்று மங்கலாக இருந்தாலும் நிற்கும்.

இவ்வோலையைக் கொண்டு வருபவர் நாகன் பூவணரே. தேவர் அவருக்குத் தண்டனை விதிக்கவில்லை. கடற்கரை ஊர்தோறும் போய் இதைச் சொல்லும் பணியை அவரே கேட்டுப் பெற்றார். தென்னாழித் துறைகள் பதினொன்றுக்குப் பின், பவளமுனை அவர் போகும் பன்னிரண்டாம் துறை. அவர் சொல்வதை மாராயர் அவையில் மட்டும் கேட்டு அனுப்பிவிடாமல், பாரை வெட்டுகிறவர்கள் நடுவிலும் அவர்கள் பெண்டிர் நடுவிலும் நின்று சொல்ல விடுவாராக. அவருக்குத் தங்க அரண்மனை வேண்டா, உபசாரம் வேண்டா. அலையோசை கேளாத ஓரிடத்தில் ஒரு பாய் மட்டும் இடுவித்தருள்க. அறைக் கதவுக்குத் தாழ் இருக்கக் கூடாது என்று அவர் கேட்பார். ஏன் என்று வினவாமல் அதைக் கழற்றித் தருக.

இவை தேவர் திருவாய்மொழிந்தபடி. எழுதினேன் ஓலைநாயகம் எழினி நம்பி. இரட்டைச் சங்கு இலச்சினை இட்டு, புரட்டாசி பதின்மூன்றாம் நாள் மாடவல்லத்திலிருந்து விடுத்தது. ஓலை முந்துக, கடல் பிந்துக.